தலைகீழாக வைத்த மம்பா மீன்

வமாலா ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் ஃபெரெசிட்டா நமுபிரு டீச்சர். நாற்பத்தொன்பது வயது. அதில் இருபத்தாறு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றே போயிற்று. இடது முழங்கால் மடக்கினால் நீளாது, நீட்டினால் மடங்காது. வகுப்பில் எழுபத்தொரு பிள்ளைகள், இருபது பெஞ்சுகள். மீதிப் பேர் தரையில் உட்காருவார்கள். அவர்களைத் தாண்டித் தாண்டி நடந்தே முழங்கால் போனது என்று அவர் சொல்வார்.

டீச்சர் ஆக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில்லை. சின்ன வயதில் நர்ஸ் வேலைமேல்தான் கண். ஆனால் அவருடைய அத்தை ஒரு கன்னியர் மடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார். மடத்தின் பயிற்சிப் பள்ளியில் ஒரு இடம் காலியாக இருந்தது. அத்தை அப்பாவிடம் சொன்னார், அப்பா பெட்டியைக் கட்டச் சொன்னார். நமுபிருவிடம் யாரும் கேட்கவில்லை. இருபத்து மூன்று வயதில் சான்றிதழோடு இந்தப் பள்ளிக்கு வந்தவர்தான். இங்கேயே கல்யாணம், மூன்று பிள்ளைகள். கணவர் மெத்தை வியாபாரத்துக்காகக் கம்பாலாவுக்குப் போனார். முதலில் மாதம் ஒருமுறை வந்தார். பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்தார். பிறகு ஒரு வருஷம் மெத்தை மட்டும் வந்தது. டீச்சர் அதை வாங்கிப் போட்டுப் படுத்துக்கொண்டார். நல்ல மெத்தை, குறை சொல்வதற்கில்லை.

இப்படியே அறுபது வயதுவரை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் உத்தரவு வந்தது. வெறும் சான்றிதழ் இனிமேல் செல்லாது, எல்லோரும் டிப்ளமா முடித்திருக்க வேண்டும், முடிக்காதவர்களின் பெயர் பதிவிலிருந்து எடுக்கப்படும் என்று. அதனால் லீவு வந்தால் மற்றவர்கள் தோட்டத்துக்குப் போக, நமுபிரு டீச்சர் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனார். அங்கே கூடப் படித்தவர்களுக்கெல்லாம் இருபத்தைந்து வயது. அவரை "அம்மா" என்று கூப்பிட்டு, தங்கள் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

எழுத்துப் பரீட்சை எல்லாம் தேறிவிட்டார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, அவர் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். நூற்றுக்கு ஐம்பது போதும். மூன்று தடவைதான் வாய்ப்பு.

பாடம் எப்போதும் அதேதான், விலங்குகள் தாங்கள் வாழும் இடத்துக்கு ஏற்றபடி எப்படி அமைந்திருக்கின்றன என்பது. முதல் தடவை டீச்சர் பேசிக்கொண்டே போனார். முப்பத்தெட்டு. "பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பொருளும் கொண்டுவரவில்லை" என்று எழுதியிருந்தது. இரண்டாவது தடவை ஒரு பழைய காலண்டரிலிருந்து ஒட்டகத்தையும் பனிக்கரடியையும் கிழித்து அட்டையில் ஒட்டிக் கொண்டுபோனார். அன்றைக்கு வந்த அம்மாள் பாடம் முடிந்ததும் வகுப்பைப் பார்த்து, "உங்கள்ல யாராவது இதை நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். ஒரு பையன் கை தூக்கி, "நான் பார்த்திருக்கேன், டீச்சர் வீட்டுக் காலண்டர்ல" என்றான். நாற்பத்து நாலு.

மூன்றாவது தடவை இந்த பிப்ரவரி மாதம். இதிலும் போனால் அடுத்த ஜனவரியிலிருந்து அவருக்கு வேலை இல்லை. அது அவருக்கும் தெரியும், தலைமையாசிரியருக்கும் தெரியும், சமையல்காரர் முகலூலாவுக்கும் தெரியும்.

நேரில் பார்க்கக்கூடிய பொருளாக வேண்டும். டிசம்பரிலிருந்து மழை இல்லை. ஏரி உள்வாங்கி, கரையோரச் சதுப்பு முழுக்கக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தச் சேற்றுக்குள்ளே மம்பா மீன் தூங்கிக்கொண்டிருக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாடப் புத்தகத்தில் நுரையீரல் மீன் என்று போட்டிருப்பார்கள். விலாங்கு மாதிரி நீளமாக, ஆள் கையளவு தடிமனாக இருக்கும். தண்ணீர் வற்றினால் சேற்றில் இறங்கிச் சுருண்டுகொள்ளும். உடம்பைச் சுற்றி ஒரு சளிப்படலம் கசிந்து காய்ந்து உறையாகிவிடும். மழை வரும்வரை தின்னாமல், குடிக்காமல், காற்றை மட்டும் சுவாசித்துக்கொண்டு கிடக்கும். ஒட்டகத்தைவிட இது எவ்வளவோ மேல். சேற்றோடு பெயர்த்து வகுப்புக்குக் கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றி எழுப்பிக் காட்டினால், கல்லூரிக்காரர்கள் வேறு என்ன கேட்க முடியும்?

இருபத்தாறு வருஷமாக இந்த யோசனை அவருக்கு வராததற்கு ஒரு காரணம் உண்டு. நமுபிரு டீச்சர் மம்பா குலம். குலத்துக்குப் பெயரான உயிரை அந்தக் குலத்தார் கொல்லமாட்டார்கள், தின்னமாட்டார்கள். டீச்சர் வீட்டில் இன்னும் ஒருபடி கண்டிப்பு. அவருடைய அப்பா மீன் சந்தையில் மம்பா கிடந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபக்கமாகப் போவார். தொடுவதில்லை, தூக்குவதில்லை, உற்றுப் பார்ப்பதுகூட மரியாதைக் குறைவு. மற்றவர்கள் தின்பதில் வருத்தம் எதுவும் கிடையாது, அது அவர்கள் பாடு. இப்படியாக, ஏரிக்கரையிலேயே வாழ்ந்தும் அவர் ஒரு மம்பாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

கிவும்பியிடம் போய்க் கேட்டார். கிவும்பி குரங்குக் குலம். மழைக்காலத்தில் வலை போடுவார், வெயில் காலத்தில் மண்வெட்டியோடு சதுப்புக்குப் போய் மம்பா தோண்டுவார். அவருடைய மகள் நப்போசா ஐந்தாம் வகுப்பில்தான் படிக்கிறாள்.

"மம்பா குலத்துப் பொம்பளை வந்து என்கிட்ட மம்பா கேக்குறீங்க," என்றார் கிவும்பி. "உங்க பெரியவங்க காதுல விழுந்தா என்னைத்தான் திட்டுவாங்க."

"திங்கவா கேக்குறேன்? பாடத்துக்கு."

"பாடம் முடிஞ்சதும் மீன் எனக்கு. உங்களுக்கு அண்ணன்தான், ஒத்துக்குறேன். ஆனா எனக்குச் சாப்பாடு."

"எடுத்துக்குங்க. எனக்கு நாப்பது நிமிஷம் போதும்."

திங்கட்கிழமை சாயங்காலம் கிவும்பி ஒரு சாக்கில் மண்பாளத்தைக் கொண்டுவந்து டீச்சர் வீட்டு வாசலில் இறக்கினார். பெரிய பலாப்பழம் அளவு இருந்தது. அடிப்பக்கம் மண்வெட்டி போன போக்கில் உருண்டையாக வெட்டியிருந்தது. மேல்பக்கம் சதுப்பின் தரை, தட்டையாக, வெடிப்போடு. "சும்மா வெச்சிருங்க, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறெதுவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்?

டீச்சர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாளத்தை நீலப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் தூக்கி வைத்தார். உருண்டைப் பக்கம் கீழே வைத்தால் ஆடியது. தட்டைப் பக்கம் கீழே வரும்படி கவிழ்த்து வைத்தார். ஆடாமல் நின்றது. மேலே ஒரு சுத்தமான துணியைப் போட்டு மூடி, செவ்வாய் காலையில் தொட்டியைப் பள்ளிக்கூட ஸ்டோரில் வைத்துப் பூட்டினார். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கல்லூரிக்காரர் வரவில்லை.

எழுபத்தொரு பிள்ளைகளும் துவைத்த சட்டையில் மதியம்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சரிந்தார்கள். மூன்று மணிக்கு, நாளைக்கு வருகிறேன் என்று போனில் செய்தி வந்தது. புதன்கிழமையும் வரவில்லை. அன்றைக்குச் செய்திகூட இல்லை. டீச்சர் இரண்டு நாளும் ஐந்தாம் வகுப்புக்கு ஏதோ பழைய பாடத்தைத் திரும்ப நடத்தி ஒப்பேற்றினார். குரல் கம்மிவிட்டது. நன்றாகப் பாடம் நடத்துவதற்கென்று சேர்த்து வைத்திருந்த தெம்பெல்லாம் காத்திருப்பதிலேயே கரைந்துவிட்டது.

முகலூலா சமையற்கட்டில் சோளக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே கேட்டார். "டீச்சர், உங்க அண்ணனை ஸ்டோர்ல பூட்டி வெச்சிருக்கீங்களாமே. கஞ்சி ஏதாவது அனுப்பட்டுமா?"

முகலூலா வெட்டுக்கிளிக் குலம். டீச்சர் தட்டை நீட்டினார். "நவம்பர்ல உன் சொந்தக்காரங்க ஒரு கூடை பேரை வெங்காயம் போட்டு வறுத்துத் தின்னேன். ருசியாத்தான் இருந்தாங்க. நீ என் அண்ணனைப் பத்திப் பேசாதே."

"அதுக்கில்லை டீச்சர். மூணு நாளா அடைச்சு வெச்சிருக்கீங்களேன்னு கேட்டேன்."

"அவரு மூணு மாசமா அடைஞ்சுதான் கிடக்காரு. கஞ்சியை ஊத்து."

வியாழக்கிழமை, இனி வரமாட்டார் என்று டீச்சர் முடிவு பண்ணி உட்கார்ந்த பிறகு, பதினொன்றே காலுக்கு ஒரு மோட்டார் பைக் மரத்தடியில் வந்து நின்றது. பின்னால் இருந்து ஓர் இளைஞர் இறங்கினார். பெயர் லுப்வாமா. முப்பது வயதுதான் இருக்கும். சட்டைக் காலரில் சாலையின் செம்மண். கையில் ஒரு அட்டை, அதில் கிளிப்பு போட்ட தாள்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். செவ்வாய்க்கிழமை பாலம் உடைஞ்சிருந்துச்சு. நேத்து பைக் உடைஞ்சிருச்சு."

"பரவாயில்லை சார். வந்தீங்களே."

"ஒன்றரைக்கு இன்னொரு பள்ளிக்கூடம் போகணும். இப்பவே ஆரம்பிச்சிடலாமா?"

அவர் பின்வரிசையில் போய்ப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் மார்புவரை வந்தது. டீச்சர் ஸ்டோரைத் திறந்து, இரண்டு பையன்களிடம் தொட்டியைத் தூக்கிவரச் சொல்லி, துணி விலகாமல் மேஜைமேல் வைத்தார்.

பாடம் நன்றாகத்தான் ஆரம்பித்தது.

"தண்ணியில வாழுற ஒரு உயிரு இருக்கு. திடீர்னு தண்ணி வத்திப்போச்சு. அது என்ன செய்யும்?"

"வேற இடத்துக்குப் போகும் டீச்சர்."

"பள்ளம் தோண்டும்."

"தூங்கும்."

"செத்துப்போகும்," என்றான் வலகிரா. ஜன்னலோரத்துப் பையன், எதையும் கடைசி வரைக்கும் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அவனும் மம்பா குலம். வகுப்பு சிரித்தது.

"சரிதான், நிறைய உயிருங்க செத்துத்தான் போகும்," என்றார் டீச்சர். "சாகாம இருக்கக் கத்துக்கிட்டது ஒண்ணைப் பத்தித்தான் இன்னிக்குப் பாடம்."

உறையைப் பற்றிச் சொன்னார். மூச்சைப் பற்றிச் சொன்னார். செவுளால் மட்டும் மூச்சு விடுகிற மீன் கரையில் செத்துவிடும், இதற்கோ நம்மைப் போல நுரையீரல் உண்டு, அதனால் தண்ணீருக்குள் இருக்கும்போதுகூட மேலே வந்து காற்றை வாங்க வேண்டும் என்று சொன்னார். எல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான், ஒரு தப்பும் இல்லை. லுப்வாமா எழுதிக்கொண்டே இருந்தார். டீச்சர் துணியை எடுத்தார். தரையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் முட்டிபோட்டு எழுந்தார்கள். ஒரு செம்பில் தண்ணீரை மொண்டு தொட்டியில் ஊற்றினார். காய்ந்த மண் சத்தம் போட்டு உறிஞ்சியது. இரண்டாவது செம்பை மொண்டார்.

"டீச்சர், ஊத்தாதீங்க."

நப்போசா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"உட்காரு நப்போசா."

"அது தலைகீழா இருக்கு டீச்சர். மூச்சு ஓட்டை அடியில மாட்டிக்கிச்சு. தண்ணி ஊத்தினா உள்ளேயே முங்கிச் செத்துரும்."

டீச்சர் கையில் செம்பு அப்படியே நின்றது. போன தடவை வந்த அம்மாள், "வகுப்பு ஆசிரியரின் கட்டுப்பாட்டில் இல்லை" என்று எழுதியிருந்தார். இப்போது, உட்கார் என்று ஒரு அதட்டல் போட்டால் நப்போசா உட்கார்ந்துவிடுவாள். நாற்பது நிமிஷம் முடிய இன்னும் இருபது நிமிஷம். மீன் எழாவிட்டால், கொஞ்ச நேரம் ஆகும் சார் என்று சொல்லி அனுப்பிவிடலாம். உள்ளே அது செத்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. பின்வரிசையில் பேனா காத்துக்கொண்டிருந்தது. இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் அவர் மனசில் ஓடியது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எங்கப்பா தின்கிறாரே டீச்சர். நான்தான் கூடத் தோண்டப் போவேன். தரையில விரல் போற மாதிரி ஒரு ஓட்டை தெரியும். அது வாய்க்கு நேரா இருக்கும். அதைப் பார்த்துத்தான் தோண்டுவோம். தூக்கிட்டு வரும்போது ஓட்டை மேலேயே இருக்கணும், இல்லைன்னா அப்பா அடிப்பாரு."

"எத்தனை நாள் தாங்கும், தலைகீழா?"

நப்போசா விரல் விட்டு நாட்களை எண்ணத் தொடங்கினாள். திங்கட்கிழமை சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்ததே அவளுடைய அப்பாதான்.

டீச்சர் செம்பைக் கீழே வைத்தார். "எனக்கு இது தெரியாது," என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். குரல் கம்மலாக இருந்ததால் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் பின்வரிசைவரை கேட்டது. "நான் மம்பா குலம். எங்க வீட்ல தொடமாட்டோம். தொடாததால தெரிஞ்சுக்கவும் இல்லை. நப்போசா, நீ வந்து செய். என்ன செய்யிறேன்னு சொல்லிக்கிட்டே செய்."

நப்போசா மேஜைக்கு வந்தாள். வந்ததும் தன் அப்பாவின் குரலிலேயே பேசத் தொடங்கிவிட்டாள். "மம்பா குலத்துக்காரங்க எல்லாம் தள்ளி நில்லுங்க. அப்புறம் எங்கமேல பழி சொல்லக் கூடாது."

இருபது பிள்ளைகளுக்கு மேல் பின்னால் நகர்ந்தார்கள். டீச்சரும் இரண்டு எட்டு நகர்ந்தார். பின்வரிசையில் லுப்வாமா அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, சுவரோரமாகப் போய் நின்றார். டீச்சர் அதைப் பார்த்தார்.

நப்போசாவும் முன்பெஞ்சுப் பையன்கள் மூன்று பேரும் பாளத்தைப் பிடித்துப் புரட்டினார்கள். ஈரம் பட்ட பக்கம் சேறாகிக் குழைந்திருந்தது. நப்போசா விரலால் துழாவினாள்.

"இங்கதான் இருக்கணும். அடைச்சிருக்கு." ஒரு துடைப்பக் குச்சியை ஒடித்து மெல்ல விட்டு, சேற்றை வெளியே இழுத்தாள். ஓட்டை தெரிந்தது. அதில் காதை வைத்தாள். "எல்லாரும் சத்தம் போடாம இருங்க."

எழுபது பிள்ளைகள் சத்தமே இல்லாமல் இருந்ததை அந்த வகுப்பு அதற்கு முன்னால் கண்டதில்லை. வெளியே மோட்டார் பைக் ஓட்டிவந்தவர் இருமியது கேட்டது.

"என்ன?" என்றார் டீச்சர்.

"தெரியலை டீச்சர். சில சமயம் கேக்கவே கேக்காது."

"இப்ப என்ன செய்யணும்?"

"சுத்தித் தண்ணி ஊத்தணும். ஓட்டைக்கு நாலு விரல் கீழ வரைக்கும்தான். அப்புறம் காத்திருக்கணும்."

ஊற்றினார்கள். காத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. மற்ற வகுப்புகள் கஞ்சிக்கு ஓடின. ஐந்தாம் வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. முகலூலா அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு யாருக்கும் பசிக்கலையா?" என்று கேட்டுவிட்டு, அவரும் வாசலிலேயே நின்றுவிட்டார். வெளியே மோட்டார் பைக் ஓட்டிவந்தவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். லுப்வாமா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார், இரு என்று.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து பாடம் நடத்தினால் அதற்கும் மதிப்பெண் குறைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். கால் கேட்கவில்லை. சேறு கரைந்து தொட்டி முழுக்கக் காப்பி நிறமாகியது. மூன்று நாள் தலைகீழாக வைத்திருந்தோமே, கவிழ்த்து வைத்துத் துணி போட்டு மூடினோமே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் அவருக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நேரத்தில் அது இரண்டாவதாகத்தான் இருந்தது.

பன்னிரண்டே காலுக்கு மண்ணின் ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி பழுப்பாக ஏதோ தெரிந்தது. நப்போசா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள். அந்தத் தோல் ஒரு தடவை உப்பி அடங்கியது. பிறகு கிழிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு வெளியே வந்து, தண்ணீருக்கு மேலே நீண்டு, நாய்க்குட்டி கொட்டாவி விடுகிற மாதிரி சத்தத்தோடு காற்றை வாங்கியது.

யாரும் கத்தவில்லை. தரையில் இருந்த ஒரு சின்னப் பெண் மட்டும், "மூச்சு விடுது" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

டீச்சர் எழுந்து கரும்பலகையில் மூன்று வரி எழுதினார். நப்போசா செய்ததை ஒவ்வொன்றாகப் பிள்ளைகளைக் கொண்டே சொல்லவைத்தார். ஓட்டை ஏன் மேலே இருக்க வேண்டும், உறை ஏன் வாயருகில் மட்டும் திறந்திருக்கிறது, ஏன் சுருண்டு கிடக்கிறது என்று கேட்டார். எல்லாக் கேள்விக்கும் முப்பது கைகள் எழுந்தன. பிறகு எல்லோரையும் சாப்பிட அனுப்பினார்.

லுப்வாமா முன்பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து தாளைக் கூட்டினார். பத்துத் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து. பிள்ளைகளின் பங்கேற்புக்குப் பத்துக்குப் பத்து. காட்டிய பொருளுக்கு ஒன்பது. நேரத்துக்கு ஒன்று. பாடத் தயாரிப்புக்கு மூன்று. ஆசிரியரின் பொருளறிவுக்கு இரண்டு. மற்ற ஐந்துக்கும் சேர்த்து இருபத்து மூன்று. தாளை டீச்சர் பக்கம் திருப்பினார். அடியில் நாற்பத்தெட்டு என்று இருந்தது.

"நான் பார்த்ததைத்தான் போட முடியும் டீச்சர்," என்றார். நல்ல மனிதர்தான், கண்ணைப் பார்த்துச் சொன்னார். "வகுப்பு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஆனா மீனு தலைகீழா இருந்ததை ஒரு பிள்ளைதான் கண்டுபிடிச்சா."

"ஆமா சார்."

"நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்லை சார். நடந்தது அதுதான்."

கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார். அப்போது நப்போசா ஒரு வாளியோடு வந்தாள். ஒப்பந்தப்படி மீன் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். தொட்டியை வாளியில் சாய்த்தாள். நீளமான சாம்பல் உடம்பு வழுக்கி உள்ளே விழுந்தது. வாளி கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வாசலைத் தாண்டினாள். வலகிரா மட்டும் சாப்பிடப் போகாமல் ஜன்னலோரத்திலேயே நின்று, வாளி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர், அதை இன்னிக்குச் சமைச்சிருவாங்களா?"

"ஆமா. அது அவங்க மீனு."

"அவங்க திங்கட்டும் டீச்சர், அதைச் சொல்லலை." அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "தண்ணி இல்லைன்னா எப்படி இருக்கணும்னு அது மாறிக்கிச்சு. சாப்பாடு இல்லைன்னா எப்படி இருக்கணும்னு மாறிக்கிச்சு. மண்வெட்டிக்கு மட்டும் ஏன் மாறலை? அந்த மூச்சு ஓட்டை இருக்கிறதாலதானே நப்போசா கண்டுபிடிச்சுத் தோண்டுறா?"

டீச்சர் பேனாவைத் தாளின்மேல் வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். அவருக்குப் பசித்தது, முழங்கால் வலித்தது, லுப்வாமா பக்கத்தில் இருக்கிறார் என்பதே நினைவில் இல்லை.

"அது மாறணும்னு நினைச்சு மாறலை வலகிரா. யாரும் அப்படி மாற முடியாது. ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால ஏரி வத்தினப்போ நிறைய மீனு இருந்திருக்கும். சிலது சேத்துல கொஞ்சம் ஆழமா இறங்குச்சு, சிலது இறங்கலை. இறங்காதது செத்துச்சு. இறங்கினது முட்டை போட்டுக் குஞ்சு பொரிச்சுச்சு. அதோட குஞ்சுங்களும் ஆழமா இறங்குச்சு. இப்படி எண்ண முடியாத தடவை ஏரி வத்தி நிறைஞ்சிருக்கும். அதுக்கு அப்புறம்தான் இந்த உறையும் இந்த ஓட்டையும்."

"மண்வெட்டி?"

"மண்வெட்டி நேத்து வந்தது. ஏரி வத்துறது அதுக்குப் பழகின விஷயம், நாம பழகாத விஷயம். மாற அதுக்கு நேரம் கிடைக்கலை."

"இன்னும் ரொம்பக் காலம் போனா ஓட்டை தெரியாத மாதிரி மாறுமா?"

"நப்போசா கண்ணுல படாத ஓட்டையா வெச்சிருக்கிற மீனு மட்டும் தப்பிச்சு, அதுங்க குஞ்சு பொரிச்சுக்கிட்டே வந்தா, மாறலாம். அதுக்குள்ள எல்லாத்தையும் தோண்டித் தின்னுட்டா மாறாது. மாற எதுவும் மிச்சம் இருக்காது. போ, கஞ்சி ஆறிடும்."

வலகிரா போனான். திருப்திப்பட்ட மாதிரி தெரியவில்லை. சாயங்காலம் திரும்ப வந்து கேட்பான்.

டீச்சர் தாளுக்காகக் கையை நீட்டினார். லுப்வாமா அதன்மேல் கையை வைத்தார்.

"இன்னும் கையெழுத்துப் போடலையே நீங்க?"

"இல்லை சார்."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, பொருளறிவுக்கு நேரே இருந்த இரண்டை ஒரு கோட்டால் அடித்தார். ஐந்து என்று எழுதினார். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி, போட்டார். அடியில் இருந்ததையும் அடித்து ஐம்பத்தொன்று என்று எழுதி, அங்கேயும் ஒரு கையெழுத்து.

"அஞ்சுக்கு மேல என்னால போட முடியாது," என்றார். "மீனு தலைகீழாத்தான் இருந்துச்சு."

"போதும் சார்."

டீச்சர் கையெழுத்துப் போட்டார். தொட்டியில் சேறு அடியில் தங்கத் தொடங்கியிருந்தது. வெளியே மறுபடியும் ஹாரன்.

"ஓட்டை மேலே இருக்கணும்னு எனக்கும் தெரியாது டீச்சர்," என்றார் லுப்வாமா அட்டையை மூடிக்கொண்டே.

"அது எனக்குத் தெரியும் சார். நீங்க சுவரோரமாப் போனதைப் பார்த்தேன்."

அவர் சிரித்தார். எழுந்து, அதுவரை அதிகாரி மாதிரி நடந்துகொண்டவர், ஒரே குலத்து மூத்தவளிடம் விடைபெறுகிற மாதிரி இரண்டு கையாலும் டீச்சரின் கையைப் பிடித்து, "வரேன் அக்கா" என்றார். பைக் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது.

டீச்சர் சந்தோஷப்பட வேண்டும் என்று காத்திருந்தார். அது வரவில்லை. வரும், இரண்டு மூன்று நாளில் எப்போதாவது, துணி துவைக்கும்போதோ எதற்கோ வரும் என்று நினைத்தார். இன்னும் பதினோரு வருஷம் இந்தத் தரையில் உட்கார்ந்த பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி நடக்கலாம். அதற்குத்தான் இவ்வளவும்.

முகலூலா ஒரு தட்டில் கஞ்சியை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். சேற்றுத் தொட்டியைக் குனிந்து பார்த்தார். "அண்ணன் கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டாரு."

"பாஸா ஃபெயிலா?"

"ஐம்பத்தொண்ணு."

"ஒண்ணு அதிகமாவே வாங்கியிருக்கீங்க," என்றார் முகலூலா. தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாழைத் தோட்டத்தில் சேற்றைக் கொட்டினார்.

கஞ்சி ஆறியிருந்தது. டீச்சர் பாதி சாப்பிடுவதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்து நான்காம் வகுப்பு, வகுத்தல் கணக்கு. புடவை மாதிரி நீண்ட தன் உடுப்பின் முன்பக்கம் முழுக்கச் சேறு தெறித்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். மாற்றிக்கொண்டு வர நேரமில்லை. சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு, மீதி வராத கணக்குகளாகப் பார்த்து எழுதிப்போட வேண்டும் என்று நினைத்தபடியே தாழ்வாரத்தில் நடந்தார். மீதியை எப்படி எழுதுவது என்று இன்றைக்கு விளக்கிச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.